பக்கத்து நாடுக சண்டைல மத்தியஸ்தம் பண்றது எப்படிங்க?

காலேஜ்ல மாதிரி ஐநா சபை (பசங்க ஆளுக்கொரு நாட்டு பிரதிநிதியா நடிச்சு பேசற போட்டி) நடத்தறப்ப மத்தியஸ்தர் ரோல் கெடைச்சா, நம்ம கோயமுத்தூர் ஈரோடு பக்கத்து பசங்க நெறைய பேரு எந்திரிச்சு ஒடனே தீர்ப்பு சொல்லிப்போடறாங்க. அது வேண்டாமுங்க. தீர்ப்பு வேற, ரெண்டு தரப்பும் தாங்களே ஒத்துக்கற முடிவுக்கு கொண்டு வர்ற மத்தியஸ்தம் வேற.

தென் அமெரிக்காவோட தெக்கு முனைல இருக்கற பீகிள் கால்வாய்ல சிலியும் அர்ஜென்டினாவும் மூணு தீவுக்கு அடிச்சுக்கிட்டாங்க, 1977ல நடுவர் தீர்ப்பாயம் தீவு சிலிக்குன்னு சொல்லிருச்சு, அர்ஜென்டினா ஒத்துக்கவே இல்ல, 1978 டிசம்பர்ல படை கெளம்பி போர் வர்ற நெலமை. அப்பத்தான் போப் ரெண்டாம் ஜான் பால், தன்னோட தூதரா கார்டினல் சமோரேவ அனுப்புனாரு. கடைசில 1984 ஒப்பந்தத்துலயும் தீவு சிலிக்குத்தானுங்க! ஆனா கடல் எல்லைல அர்ஜென்டினாவுக்கும் ஒரு பங்கு கெடைச்சுது, அவங்க மக்கள்கிட்ட போய் சொல்றதுக்கு ஒண்ணு கையில இருந்துச்சு, அதனால இந்த தடவ நின்னுச்சு. இந்த ஒண்ணத்தான் நான் எல்லா பசங்ககிட்டயும் சொல்றது: ரெண்டு பேருல யாரும் வெறுங்கையோட வீட்டுக்கு போகக்கூடாது.

மொதல்ல ரெண்டு தரப்பும் உங்கள ஏத்துக்கறாங்களான்னு பாருங்க. ஒத்துக்காதவங்க நடுவுல போய் உக்கார முடியாது. காஷ்மீர எடுத்தீங்கன்னா, 1972 சிம்லா ஒப்பந்தத்துல இருந்து நாங்க ரெண்டு பேருமே பேசிக்கறோம்னுதான் இந்தியா சொல்லுது, அங்க போய் மூணாவது ஆளா நின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க.

ஏத்துக்கிட்டாங்கன்னா பிரச்சனைக்குள்ள குதிக்காதீங்க. சமோரே 1979 ஜனவரி 8 மான்டிவீடியோல வாங்குனது முக்கியமா ரெண்டு வாக்குறுதி, படைய பயன்படுத்த மாட்டோம், மத்தியஸ்தத்துக்கு வர்றோம். தீவு யாருக்குங்கறதெல்லாம் அப்பறம்.

அடுத்தது தனித்தனியா கேக்கறது. பொதுக்கெணத்துல மோட்டார் மொறைக்கு பங்காளிக சண்டைன்னா, நாயம் பேசற பெரியவரு ரெண்டு பேரையும் எடுத்ததும் எதிரெதிரா உக்கார வெக்க மாட்டாரு, இவரு தோட்டத்துக்கு ஒருக்கா அவரு தோட்டத்துக்கு ஒருக்கான்னு நடப்பாரு. 1978ல அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர், கேம்ப் டேவிட்ங்கற தன்னோட ஓய்வு மாளிகைல பண்ணுனதும் அதேதான். எகிப்து ஜனாதிபதி சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் நேர்ல பேசுனா கத்தல்தான், அதனால அமெரிக்கா தரப்புல ஒரே வரைவ எழுதி, ரெண்டு பக்கமும் காட்டி, குறை கேட்டு, திருத்தி திருத்தி 23 வரைவு, 13 நாள். ஆளுக்கொரு வரைவு வெச்சிருந்தா அவனவன் பேப்பரத்தான் காப்பாத்துவான். கடைசி நாள் பெகின் கோவத்துல கெளம்பப் பார்த்தப்ப, அவரோட பேரப்பசங்க ஒவ்வொருத்தர் பேரும் எழுதி கையெழுத்து போட்ட போட்டோவ கார்ட்டரே கொண்டு போய் குடுத்தாரு, அந்த பேருகள படிச்சப்ப பெகினுக்கு கண்ணு கலங்கிருச்சு. அரசியல்வாதிகளும் மனுசங்கதானுங்க, அத மறந்துட்டு மத்தியஸ்தம் பண்ண முடியாது.

"எனக்கு அந்த எடம் வேணும்"னு சொன்னா, எதுக்குன்னு கேளுங்க. 1995ல பெருவும் ஈக்வடாரும் சண்டை போட்டாங்க, டிவின்ட்சாங்கற எடம் ஈக்வடாருக்கு அவங்க வீரருக உயிர விட்ட மண்ணு, பெருவுக்கோ அது எல்லைப் பிரச்சனை. 1998ல பிரேசிலியால முடிச்சாங்க, நாட்டு அதிகாரம் பெருவுக்கு, ஆனா அங்க ஒரு சதுர கிலோமீட்டர் நெலம் ஈக்வடாருக்கு தனியார் சொத்து மாதிரி. எல்லைக்கோடும் நின்னுச்சு, மானமும் நின்னுச்சு. எனக்கு ரொம்ப புடிச்ச தீர்வு இதுதான்.

கையெழுத்தோட விட்டுராதீங்க. பெரு ஈக்வடாருக்கு அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கான்னு நாலு நாடு உத்தரவாதம் நின்னுச்சு, எகிப்து இஸ்ரேல் எல்லைல இருக்கற சினாய்ல 1982ல இருந்து பன்னாட்டு படை நின்னு கண்காணிக்குது. இந்தியா பாகிஸ்தானோட 1960 சிந்து நதி ஒப்பந்தத்துல உலக வங்கி நடுவுல நின்னு பணமும் தெரட்டுச்சு, அடுத்த சிக்கல் வந்தா பேசறதுக்கு ஒரு நிரந்தர ஆணையமும் வெச்சாங்க. மூணு போர தாண்டுச்சு, 2025 ஏப்ரல்ல இந்தியா நிறுத்தி வெச்சிருச்சு. அதனால வரைவு எழுதறப்பவே, மறுபடி சண்டை வந்தா யாரு எங்க எத்தனை நாளைக்குள்ள உக்காரோனும்னு ஒரு பக்கம் எழுதி ரெண்டு பேருகிட்டயும் ஒத்துக்க வெச்சிருங்க.