டாக்டரிடம் போகும்வரை தினமும் ஒரு வரி
பிள்ளையை மனநல மருத்துவரிடம் காட்ட நாள் குறித்துவிட்டால், அதுவரை தினமும் இரவில் ஒரு வரி எழுதிவையுங்கள்: தூக்கம், சாப்பாடு, பள்ளி, எதற்குக் கோபம் வந்தது. "ஒரே சோகம்" என்று எழுதுவதைவிட "நண்பர்கள் கூப்பிட்டும் விளையாடப் போகவில்லை, இரவு 2 மணி வரை தூங்கவில்லை" என்பது பல மடங்கு உதவும்.

எத்தனை நாளாக, எவ்வளவு நேரம் என்பதுதான் டாக்டரின் முக்கியமான கேள்வி. மனச்சோர்வு என்று சொல்ல, அறிகுறிகள் குறைந்தது 2 வாரமாவது நீடிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வளரிளம் பருவத்தில் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வெளிப்படும். நாம் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறோம். எழுதிவைக்காமல் நினைவிலிருந்து சொல்லப் போனால் கடைசியாக நடந்த சண்டைதான் முதலில் வாயில் வரும்.

பெரிய பிள்ளையென்றால் சொல்லிவிட்டே எழுதுங்கள். வேவு பார்ப்பதாகத் தோன்றினால் பேச்சே நின்றுவிடும்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ இந்தக் குறிப்பெல்லாம் வேண்டாம். தனியாக விடாமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.