சிற்றூர்க் கட்டடங்களைப் பார்க்கச் செல்லுமுன் ஒரு பழைய வரைபடம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிரின்னெல் போன்ற வேளாண் சிற்றூர்களைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அவ்வூரின் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடம் (காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடம் கட்டடமாக வரையப்பட்ட பழைய ஊர் வரைபடம்) இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பது நல்லது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பிலும் மரக் கட்டடம் மஞ்சளிலும், அவற்றின் பயன்பாடு எழுத்திலும் குறிக்கப்பட்டிருப்பதால், இன்றைய கடை ஒன்று நூறாண்டுக்கு முன் குதிரை லாயமாக இருந்ததா, தானியக் கிடங்காக இருந்ததா என்பதைத் தெருவில் நின்றபடியே ஒப்பிட்டு அறியலாம்.

கடைகளின் கீழ்த்தள முகப்புகள் பலமுறை மாற்றப்பட்டவை என்பதால் அவற்றை நம்ப வேண்டாம். கட்டிய ஆண்டும் முதல் உரிமையாளரின் பெயரும் பெரும்பாலும் கூரை விளிம்புக்குக் கீழேதான் பொறிக்கப்பட்டிருக்கும்.

கிரின்னெலில் நேரம் குறைவென்றால், கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் வடிவமைத்து 1914இல் கட்டப்பட்ட மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் வங்கிக் கட்டடத்தை மட்டுமாவது பாருங்கள். வாசலுக்கு மேலே, வட்டச் சாளரத்தைச் சுற்றி வட்டங்களும் சதுரங்களும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் சுடுமண் அலங்காரம், அதைச் சூழ்ந்த வெற்றுச் செங்கல் சுவரால்தான் அத்தனை எடுப்பாகத் தெரிகிறது. (சிகாகோவின் வானளாவிகளால் புகழ்பெற்றவர் என்றாலும், சிற்றூர்களில் அவர் வடிவமைத்த இதுபோன்ற சிறு வங்கிகளே அவருடைய முதிர்ந்த படைப்புகள் என்பது என் கருத்து.) வண்ணக் கண்ணாடிகள் உள்ளிருந்து பார்த்தால்தான் ஒளிரும், ஆகவே திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, வெயிலுள்ள பகலில் செல்லுங்கள்.