கிட்டாரில் ரிஃப் வாசித்துக்கொண்டே பாட

1983-இல் மெகாடெத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவைத் தொடங்கிய கிட்டார் கலைஞர் டேவ் மஸ்டெய்ன், பாடகர் தேடி அலுத்து, கடைசியில் தானே மைக் பிடித்தார். என் கதையும் அதேதான். நல்ல மெட்டல் பாடகர் அவ்வளவு லேசில் கிடைக்கமாட்டார்.

சரி, முதலில் கையைப் பழக்குங்கள். மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரிஃபை, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, வாசியுங்கள். பேச்சில் கை தடுமாறினால் பாட இன்னும் நேரம் வரவில்லை. அப்புறம் வரிகளைப் பாடாமல் வெறுமனே சொல்லி, எந்த அசை எந்த டவுன்ஸ்ட்ரோக்கில் (தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கும் அடியில்) விழுகிறது என்று தாளில் குறியுங்கள். இரண்டு அடிகளுக்கு நடுவே விழும் அசைதான் வில்லங்கம். அந்த ஒரு பாரை (தாளச் சுற்றை) மட்டும் பாதி வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

மெட்டல் பாணியில் உறுமிப் பாடும்போது தொண்டை வலித்தால் உடனே நிறுத்துங்கள். மைக்கை வாய் உயரத்திலேயே வையுங்கள். கழுத்தை நீட்டினால் குரல் இறுகும்.