பால்டர்ஸ் கேட்: முதல் லெவலில் மடியாமல் நாஷ்கெல் சுரங்கத்தை முடிப்பது எப்படி

1998 இறுதியில் பயோவேர் உருவாக்கி வெளிவந்த பால்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டை இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் அதைக் கைவிடுகிறார்கள்: முதல் சத்திரத்தின் வாசற்படியில். அங்கே நிற்கும் ஒரே ஒரு மந்திரவாதி குழு முழுவதையும் கொன்றுவிடுகிறான். அந்தப் படியைத் தாண்டிவிட்டால் முதல் அத்தியாயங்களின் பெரிய தடையான நாஷ்கெல் சுரங்கம் வரை எப்படிப் போவது என்பதே இந்தக் குறிப்பு. மவுஸை எங்கே சொடுக்குவது, பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்பதையெல்லாம் விளையாட்டே சொல்லிக்கொடுக்கும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் பதிப்பு? 2012இல் பீம்டாக் வெளியிட்ட மேம்பட்ட பதிப்பையே (Enhanced Edition) வாங்குங்கள். ஐந்து குறுந்தகடுகளில் வந்த பழைய பதிப்பு மீது எனக்குப் பாசம் உண்டு. ஆனால் இன்றைய அகலத் திரையில் அதை ஓடவைக்கச் செலவாகும் நேரத்தில் பாதிச் சுரங்கத்தை முடித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: மேம்பட்ட பதிப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்ட நீரா என்ற பெண் பெரகாஸ்ட் ஊரில் ஓடிவந்து உதவி கேட்பாள். அவளைத் துரத்தி வருகிறவர்கள் உங்களைவிடப் பலசாலிகள். இரண்டு மூன்று லெவல் ஏறும்வரை அவள் நிற்கும் பக்கம் போகாதீர்கள்.

முதல் வேலை: அமைப்புகள்

இந்த விளையாட்டு தானாக ஓடும். ஸ்பேஸ்பாரை அழுத்தினால் நிற்கும். நின்றிருக்கும்போதே ஆறு பேருக்கும் கட்டளை கொடுக்கலாம். ஸ்பேஸ்பாரைத் தொடாமல் ஆடுகிறவர்கள் தோற்பார்கள், அவ்வளவுதான். தானியங்கி இடைநிறுத்தப் பட்டியலில் மூன்றை மட்டும் தேர்வுசெய்யுங்கள்: எதிரி கண்ணில் பட்டதும், குறிவைத்த எதிரி வீழ்ந்ததும், கையிலுள்ள ஆயுதம் பயனற்றுப் போனதும். எல்லாவற்றையும் தேர்வுசெய்தால் விளையாட்டு விக்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, திரையின் ஓரத்தில் விளக்கு வடிவில் ஒரு பொத்தான் இருக்கிறது. தோழர்கள் தாமாகவே சண்டையிடுவதை அது கட்டுப்படுத்துகிறது. அதை அணைத்துவிடுங்கள். எரிந்துகொண்டிருந்தால் உங்கள் மந்திரவாதி தன்னிடமுள்ள ஒரே மந்திரத்தை ஏதோ ஒரு ஓநாய்மீது வீணடித்துவிடுவார்.

யார் யார்?

குழுவில் உங்கள் நாயகரையும் சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். அனுபவப் புள்ளிகள் பகிரப்படுவதால் நான்கு பேரோடு போனால் வேகமாக லெவல் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். தொடக்கநிலையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் லெவலில் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி அதிகபட்சம் 4. உடல்வலு மிகுந்திருந்தால் சற்றுக் கூடும். இந்த நிலையில் எதிரியின் கவனத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஆட்கள் வேண்டும்.

நாயகரை மந்திரவாதியாக உருவாக்குவதே என் பரிந்துரை. கேட்டால் விசித்திரமாகத் தோன்றலாம், ஏனென்றால் நாயகர் இறந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் எதிரிகளை உறங்கவைக்கும் ஸ்லீப் என்ற முதல் நிலை மந்திரம் நாஷ்கெல் வரையிலான சண்டைகளில் பாதியைத் தனியாகவே முடித்துவைக்கும். சுரங்கத்திற்கு முன்பு கிடைக்கும் நல்ல மந்திரவாதிகளோ ஒன்று தொலைவில் இருக்கிறார்கள், அல்லது பிறரோடு ஒத்துப்போகாதவர்கள். டைனாஹீரை நோல் என்ற விலங்குமனிதர்களின் கோட்டையிலிருந்து மீட்க வேண்டும். எட்வினோ அதே டைனாஹீரைக் கொல்லச் சொல்லிக் கேட்பவன். எனவே அந்த மந்திரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நாயகரிடம் ஒரு கவணைக் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்திவையுங்கள்.

மற்றவர்கள் வழியிலேயே கிடைப்பார்கள். கதைத் தொடக்கத்தில் உங்களை வளர்த்த கோரியன் கொல்லப்பட்ட மறுநாள் காலை ஐமன் வந்து சேருவாள். திருடர் வகுப்பைச் சேர்ந்த அவள் வில்லும் எய்வாள், பொறிகளையும் கண்டுபிடிப்பாள். அவள் மூட்டையில் மேஜிக் மிசைல் என்ற தாக்கும் மந்திரத்தை ஏவும் கோல் ஒன்று இருக்கும். அதை அவளால் பயன்படுத்த முடியாது. உடனே நாயகர் கைக்கு மாற்றுங்கள். முன்வரிசையில் நின்று சண்டையிடும் காலிடும் ஜஹைராவும் சத்திரத்துக்குள் காத்திருக்கிறார்கள். வில்லாளியான கைவன் ஹை ஹெட்ஜ் பகுதியில் நிற்பான். கிளெரிக் (குணப்படுத்தும் மந்திரங்கள் ஓதும் பூசாரி) வேண்டுமென்றால் நாஷ்கெல் திருவிழாத் திடலில் கல்லாய்ச் சமைந்து நிற்கும் பிரான்வெனை உயிர்ப்பியுங்கள்.

சத்திரத்துப் படிக்கட்டு

இனி அந்த இடம். ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்தின் படிகளில் டார்னெஷ் என்ற மந்திரவாதி நிற்கிறான். பேச்சுக் கொடுப்பான், பேச்சு முடிந்ததும் மந்திரம் ஓதத் தொடங்குவான். முதலில் மிரர் இமேஜ்: அவனைப் போலவே பல உருவங்கள் எழும், உங்கள் அடிகளை அவை வாங்கிக்கொள்ளும். அடுத்து ஹாரர்: உங்கள் குழு அஞ்சி நாலாபுறமும் சிதறும். பிறகு ஒருவர் பின் ஒருவராக வீழ்வார்கள்.

இதைத் தாண்டுவதற்குத் தெரிய வேண்டிய விதி ஒன்றே ஒன்று. மந்திரம் ஓதிக்கொண்டிருப்பவருக்குச் சிறு காயம் பட்டாலும் அந்த மந்திரம் கலைந்துபோகும். அவனைக் கொல்வது இரண்டாம்பட்சம். ஓத விடாமல் செய்வதே முதல் குறிக்கோள்.

முற்றத்தில் நுழைந்ததும் சேமித்துவிடுங்கள். ஐமனை வில்லோடு ஒரு பக்கமும், வழியில் சந்தித்த மொண்டரானையும் ஸாரையும் சேர்த்திருந்தால் அவர்களை மறுபக்கமும் நிறுத்துங்கள். (அந்த இருவரும் தீயவர்கள். காலிட், ஜஹைராவோடு நெடுநாள் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் படிக்கட்டுக்கு அவர்களின் உதவி வீணாகாது.) எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கக் கூடாது, ஹாரர் ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களையே தாக்கும். நாயகர் மட்டும் படியை நோக்கி நடக்கட்டும்.

பேச்சு முடிந்த கணமே ஸ்பேஸ்பார். இங்கேதான் வரிசை முக்கியம். ஐமனுக்கு அவன்மீது எய்யும்படி கட்டளை. நாயகருக்குக் கோல்: மனனம் செய்த மந்திரத்தை இப்போது பயன்படுத்த வேண்டாம், ஏனென்றால் அதை ஓதி முடிப்பதற்குள் அவனுடைய மந்திரம் முடிந்துவிடலாம். மேஜிக் மிசைல் குறி தவறாது என்பதால் நம்பத்தக்கது கோல்தான். கட்டளைகளைக் கொடுத்து ஓடவிடுங்கள், அவன் கைகளை உயர்த்துவதைப் பார்த்ததும் மீண்டும் நிறுத்துங்கள், அடுத்த அடியைத் தயார்செய்யுங்கள். ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. அதற்குள் இரண்டு மூன்று முறை நிறுத்துவது அதிகம் அல்ல.

உருவங்கள் எழுந்துவிட்டாலும் கலங்காதீர்கள். ஓர் அடிக்கு ஓர் உருவம் மறையும். வலுவான ஒரு வாள் வீச்சைவிடச் சின்னச் சின்ன அம்புகள் பல விழுவதே அப்போது மேல்.

பிற்சேர்க்கை: ஹாரர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அஞ்சி ஓடுபவர்களை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. அவர்களைத் துரத்திப் போகவும் வேண்டாம். மிச்சமிருப்பவர்கள் தொடர்ந்து எய்யட்டும். நாயகரைக் கிளெரிக்காக உருவாக்கியவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: ரிமூவ் ஃபியர் என்ற முதல் நிலை மந்திரத்தை முற்றத்துக்கு வெளியிலேயே ஓதிவிட்டு வாருங்கள். அச்சம் ஒட்டாது.

வில், வில், மீண்டும் வில்

உள்ளே போய்க் காலிடையும் ஜஹைராவையும் சேர்த்துக்கொண்டு தெற்கே பெரகாஸ்டுக்குப் போங்கள். அங்குள்ள தண்டர்ஹாமர் கொல்லுப்பட்டறையில் கையிலிருக்கும் பொன்னையெல்லாம் வில்லுக்கும் அம்புக்கும் செலவிடுங்கள். அழகான வாள்களைப் பார்த்து மயங்க வேண்டாம். வில்லால் ஒரு சுற்றில் இரண்டு அம்புகள் எய்யலாம். வாளை இந்த லெவலில் பெரும்பாலும் ஒரு முறைதான் வீச முடியும். தவிர, கதையின்படி நாட்டின் இரும்பு கெட்டுப்போயிருக்கிறது. மாயசக்தி இல்லாத இரும்பு ஆயுதங்கள் சண்டை நடுவிலேயே ஒடியும். கதையில் சொன்ன இரும்புப் பஞ்சத்தை விளையாடுபவரின் கையிலேயே உணரவைத்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பின்னால் வந்த பல விளையாட்டுகள் இதைச் செய்யவில்லை. காலிடின் மூட்டையில் மாற்று வாள் ஒன்று இருக்கட்டும்.

சண்டை முறை இதுதான். ஐமன் மறைந்து முன்னே போய் எதிரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எல்லோரும் எய்வார்கள். எதிரி கூட்டமாக ஓடிவரும்போது, நம்மவர்களை நெருங்குவதற்கு முன்பே, அந்தக் கூட்டத்தின் நடுவில் ஸ்லீப். உறங்குபவர்கள்மீது அடி தவறாது, நிதானமாக முடிக்கலாம். எலும்புக்கூடுகள் போன்ற இறந்த உயிர்கள் உறங்க மாட்டா, எல்ஃப்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். ஒகர் என்ற பெரிய அரக்கனைப் போன்ற ஒற்றை எதிரி ஒருவரைத் துரத்தத் தொடங்கினால் அவரை வட்டமாக ஓடவிடுங்கள். ஒகர் அவர் பின்னாலேயே அலையும். மற்ற ஐவரும் எய்துகொண்டே இருக்கலாம்.

ஒகர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொடக்கப் பகுதிகளில் ஓர் ஒகரைக் கொன்றால் இடைக்கச்சுகள் கிடைக்கும். ஆராயாமல் அணிந்தால் அவற்றில் ஒன்று அணிந்தவரின் பாலினத்தை மாற்றிவிடும். சாபம் நீக்கும் மந்திரம் இல்லாமல் கழற்றவும் முடியாது. அடையாளம் தெரியாத எதையும் கோவிலில் காட்டிக் கேட்ட பிறகே அணியுங்கள்.

சுரங்கம்

நாஷ்கெல் சுரங்கத்தின் உண்மையான எதிரி அங்கே நிறைந்திருக்கும் கோபோல்ட் என்ற குட்டி அரக்கர்கள் அல்ல, குறுகிய வழி. ஆறு பேரையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஓரிடத்தைச் சொடுக்கினால், முன்னால் நிற்பவர் வழியை அடைத்திருப்பதால் பின்னால் இருப்பவர் வேறு வழி தேடித் தனியாகக் கிளம்பிவிடுவார். அங்கே பொறி இருக்கும், அல்லது நான்கு கோபோல்ட்கள் இருக்கும். எனவே இரண்டிரண்டு பேராக நகர்த்துங்கள். ஐமன் பொறி தேடும் பொத்தானை இயக்கியபடி மெல்ல முன்னே போகட்டும், ஓட்டம் வேண்டாம். எதிரி தென்பட்டால் முன்னேறாமல், வழி அகலமாகும் இடத்துக்குப் பின்வாங்குங்கள். அங்கே காலிடும் ஜஹைராவும் வாயை அடைத்து நிற்க, மற்றவர்கள் பின்னிருந்து எய்வார்கள்.

அடியில் முலாஹே என்ற அரை ஆர்க் கிளெரிக் இருக்கிறான். கோபோல்ட்களும் எலும்புக்கூடுகளும் அவனுக்குத் துணையாக வரும். டார்னெஷுக்குச் செய்ததையே இவனுக்கும் செய்ய வேண்டும்: வில்லாளிகள் எல்லோரும் இவன்மீது மட்டும், காலிடும் ஜஹைராவும் எலும்புக்கூடுகள்மீது, கோபோல்ட்களுக்கு ஸ்லீப். குகையிலேயே ஸான் என்ற மந்திரவாதி சிறைப்பட்டிருப்பான். ஓயாமல் புலம்புகிறவன், எனக்கு மிகவும் பிடித்த தோழர்களில் ஒருவன்.

முலாஹேயின் பெட்டியிலுள்ள கடிதங்களை எடுக்காமல் கிளம்பாதீர்கள்; கதை அவற்றில்தான் நகர்கிறது. குகையின் மறுபக்க வாயில் கல்லறைப் பள்ளத்தாக்கில் போய்த் திறக்கும். உங்கள் தலைக்கு விலை பேசிய நால்வர் அங்கே உலவுகிறார்கள். வெளியேறுவதற்கு முன்பு ஓய்வெடுத்து, ஸ்லீப்பை மீண்டும் மனனம் செய்து, அம்புகளை உங்கள் வில்லாளிகளுக்குப் பங்கிட்டு, தனி இடத்தில் ஒரு முறை சேமித்துக்கொள்ளுங்கள்.