சுரங்கம் மூடிய நிலத்தை மறுபடி விளைநிலமாக்குவது எப்படி?

சுரங்க மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பும் எருவும் போட்டு உழுதால் முதல் போகம் பச்சையாகவே வரும். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் திட்டுத்திட்டாகக் கருகத் தொடங்கும். ஆழத்திலிருந்து மேலே வந்த மண்ணில் உள்ள பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம், காற்றும் நீரும் படப்படக் கந்தக அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம். அதனால் மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவான பிஎச்சின் இன்றைய எண்ணை மட்டும் பார்த்துச் சுண்ணாம்பு போடாதீர்கள். இனி வரப்போகும் அமிலத்துக்கும் சேர்த்தே போட வேண்டும்.

லாரி லாரியாகக் கொட்டிய மண் என்பதால் பத்தடிக்கு ஒரு குணம் இருக்கும். நிறம் மாறும் இடமெல்லாம் தனி மாதிரி எடுங்கள். 0–15, 15–30, 30–60 செ.மீ. ஆழங்களைக் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். பள்ளத்தில் துருநிறத்தில் நீர் கசிந்தால் அந்த இடத்தை முதலில் சோதியுங்கள். சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையில் ஒரு சிட்டிகை மண்ணில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக விடுங்கள். குவளை கொதிக்கும், ஆவி எழும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஆறியபின் பிஎச் 3-க்குக் கீழே இறங்கியிருந்தால் அமிலம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். நுரையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மண்ணில் உள்ள மாங்கனீசும் மக்கிய இலைதழையும்கூட நுரைக்கும்.

சோதனை ஒளிந்த அமிலத்தைக் காட்டினால் பைரைட் கந்தக அளவை ஆய்வகத்தில் அளந்து வாங்குங்கள். 1 சதவீதக் கந்தகத்துக்கு, ஒரு டன் மண்ணுக்குச் சுமார் 31 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் தேவை. ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 2,000 டன். கந்தகம் 0.3 சதவீதம் என்றால் 19 டன் வரும்; பாதுகாப்புக்காகக் கால் பங்கு கூட்டினால் 23-24 டன். தூளின் தூய்மை 80 சதவீதம்தான் என்றால் சுமார் 29 டன். மாவு போல அரைத்த தூளாகப் பாருங்கள். குருணையின் மேல் துரு படிந்து, அது வேலை செய்யாமலே கிடக்கும்.

சுண்ணாம்புக்கு முன் இறுக்கத்தை உடைக்க வேண்டும். கனரக வண்டிகள் ஏறி இறங்கிய மண்ணில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், ஆணிவேர் ஒரு சாண் இறங்கியதும் பக்கவாட்டில் மடிந்திருப்பது தெரியும். மண் காய்ந்திருக்கும்போது 60–90 செ.மீ. ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். ஈரத்தில் கீறினால் மண் உடையாது, மெழுகுபோல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். எரு போட்டபின் கனத்த வண்டியை உள்ளே விடவே கூடாது.

சுண்ணாம்பைக் கலந்து, இரண்டு மூன்று வாரம் ஈரத்தில் விட்டபின் நன்கு மக்கிய எரு ஹெக்டேருக்கு 40 டன் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். மரத்தூளை மட்டும் நம்பினால், மண்ணில் இருக்கும் கொஞ்சத் தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் பிடித்து வைத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுக்கும். மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட்டை வரிசையில் இடுங்கள். சுண்ணாம்பிட்ட மண்ணில் ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள் உரம் எளிதில் கரையாது.

பிறகு, ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிர் கலந்த தக்கைப்பூண்டையோ சணப்பையையோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். இரண்டு முறையாவது செய்யுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத்தான் பலர் நிலத்தை மறுபடி கெடுக்கிறார்கள்.

உண்ணும் பயிருக்கு முன் காட்மியம், ஈயம், ஆர்சனிக் என்ற மூன்று நச்சுகளையும் சோதிக்காமல் விடாதீர்கள். பிஎச் உயர்ந்தால் காட்மியமும் ஈயமும் அடங்கும். ஆர்சனிக் மாறாக இளகும், அதிக பாஸ்பேட் அதை மேலும் கிளப்பும். கீரையையும் கிழங்கையும் தொடக்கத்தில் தவிருங்கள். மண் அறிக்கை மட்டும் போதாது, விளைந்த தானியத்தையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அளவு மீறினால் அந்தத் திட்டை நார்ப்பயிருக்கோ மரத்துக்கோ விட்டுவிடுவதே சரி.

சுண்ணாம்பு மிஞ்சினால் இளம் இலையில் நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாகும். அது இரும்பு அல்லது துத்தநாகக் குறை. குறைந்த சத்தை இலைவழி தெளித்துச் சரிசெய்யுங்கள். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்ததும், 15–30 செ.மீ. மண்ணில் பெராக்சைடு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மேல்மண் நன்றாக இருக்கும்போதே அமிலம் அங்கிருந்து ஏறும்.