ஒவ்வொரு குழுவிலும் மிகக் குறைந்த விலையுள்ள வரிசையை எடுப்பது எப்படி?

ஒரே பொருளைப் பல கடைகள் வெவ்வேறு விலைக்குத் தருகின்றன. ஒவ்வொரு பொருளையும் எந்தக் கடை மலிவாகத் தருகிறது என்று டேட்டாபேஸில் கேட்க வேண்டும். ‘விலைகள்’ என்ற டேபிள் இப்படி இருக்கட்டும்:

எண் | பொருள் | கடை | விலை
1 | பருப்பு | அ | 162
2 | பருப்பு | ஆ | 155
3 | எண்ணெய் | அ | 140
4 | எண்ணெய் | இ | 140
5 | எண்ணெய் | ஆ | 148

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

படி 1: குறைந்த விலை மட்டும்

செலக்ட் பொருள், மின்(விலை) ஃப்ரம் விலைகள் குரூப் பை பொருள்;

பருப்புக்கு 155, எண்ணெய்க்கு 140 என்று வரும். கடையின் பெயர் வராது. அதற்காகப் பலரும் ‘கடை’யையும் செலக்டில் சேர்த்துவிடுகிறார்கள், தவறு இங்கேதான் தொடங்குகிறது. மின் (குழுவின் மிகக் குறைந்த மதிப்பைக் கண்டுபிடிக்கும் கட்டளை) தருவது ஒரு மதிப்பை. அந்த மதிப்பு இருந்த வரிசையை அல்ல. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் உடனே பிழை காட்டும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொன்று 5.7.5 பதிப்பு முதல் இயல்பாகவே மறுக்கும். அந்தக் கட்டுப்பாட்டை அணைத்து வைத்திருந்தால், 155 என்ற விலைக்குப் பக்கத்தில் ‘அ’ கடை வந்து நிற்கலாம். விலை சரி, கடை தவறு, பிழைச் செய்தியும் இல்லை. பிழை வருகிறது என்பதற்காக அந்தக் கட்டுப்பாட்டை ஒருபோதும் அணைக்காதீர்கள்.

படி 2: அந்த விடையை மூல டேபிளோடு இணைத்தல்

செலக்ட் வி.* ஃப்ரம் விலைகள் வி
ஜாயின் (செலக்ட் பொருள், மின்(விலை) ஆஸ் குறைவு
ஃப்ரம் விலைகள் குரூப் பை பொருள்) கு
ஆன் வி.பொருள் = கு.பொருள் அண்ட் வி.விலை = கு.குறைவு;

இங்கே ‘வி’, ‘கு’ என்பவை டேபிளுக்கும் உள் விடைக்கும் கொடுத்த சுருக்கப் பெயர்கள். பெரும்பாலான பழைய பதிப்புகளிலும் இது ஓடும். 2, 3, 4 ஆகிய மூன்று வரிசைகள் வரும். எண்ணெயை இரண்டு கடைகள் 140-க்குத் தருவதால் இரண்டுமே வருகின்றன. ஆன் பகுதியில் பொருளை விட்டுவிட்டு விலையை மட்டும் ஒப்பிட்டால், வேறொரு பொருளின் விலை தற்செயலாக 155 ஆக இருந்தாலே அதுவும் உள்ளே வந்துவிடும்.

படி 3: குழுவுக்குள் இடம் கொடுத்தல்

செலக்ட் * ஃப்ரம் (
செலக்ட் வி.*, ரோ_நம்பர்() ஓவர்
(பார்ட்டிஷன் பை பொருள் ஆர்டர் பை விலை, எண்) ஆஸ் இடம்
ஃப்ரம் விலைகள் வி
) ப வேர் இடம் = 1;

பார்ட்டிஷன் பை பொருள்வாரியாகப் பிரிக்கிறது; ஆர்டர் பை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் விலையை ஏறுமுகமாக அடுக்குகிறது; ரோ_நம்பர் 1, 2, 3 என்று எண்ணிடுகிறது. 2, 3 ஆகிய வரிசைகள் மட்டும் வரும். புதிதாக எழுதுபவர்கள் இந்த வழியையே பழகிக்கொள்வது நல்லது. மைஎஸ்க்யூஎல் 8.0, மரியாடிபி 10.2, எஸ்க்யூலைட் 3.25 முதல் இது கிடைக்கிறது.

ஆர்டர் பையில் ‘எண்’ணைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் 140-க்குத் தரும் இரு கடைகளில் எது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்று ‘அ’, நாளை ‘இ’ என்று மாறலாம். சமமான இரண்டுமே வேண்டுமென்றால் ‘எண்’ணை நீக்கிவிட்டு, ரோ_நம்பருக்குப் பதில், சமமானவற்றுக்கு ஒரே இடம் தரும் ராங்க் போடுங்கள். ‘இடம் = 1’ என்ற நிபந்தனையை உள் கொயரியின் (அடைப்புக்குள் இருக்கும் கேள்வியின்) வேர் என்ற நிபந்தனைப் பகுதியில் எழுத முடியாது; வேர் முடிந்த பிறகுதான் எண்ணிடல் நடக்கிறது.

விடை பிசகும் இடங்கள்

விலை நிரப்பாத வரிசைகளை மின் கண்டுகொள்ளாது. ஆனால் படி 3-இல் மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் வெற்று விலையை முதலிடத்தில் வைக்கும். போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் கடைசியில் வைக்கும். எனவே உள் கொயரியிலேயே ‘வேர் விலை இஸ் நாட் நல்’ சேர்த்துவிடுங்கள்.

கையிருப்பு உள்ள கடைகள் மட்டும் போதும் என்றால் அந்த நிபந்தனையும் உள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே வைத்தால், மலிவான கடையில் சரக்கு இல்லாதபோது அந்தப் பொருளே விடையிலிருந்து காணாமல் போகும்.

விலைப் புலம் எழுத்து வகையில் இருந்தால் 95-ஐ விட 100 சிறியதாகிவிடும், ஏனெனில் ஒப்பீடு முதல் எழுத்திலிருந்து நடக்கிறது. புலத்தை டெசிமல் வகைக்கு மாற்றுங்கள்.

டேபிள் பெரிதாகி கொயரி மெதுவானால் (பொருள், விலை) என்ற இந்த வரிசைமுறையிலேயே ஒரு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அடுக்கு) போடுங்கள். விலையை முதலில் வைத்தால் குழுவாகப் பிரிப்பதற்கு அது அவ்வளவாக உதவாது.