ரப்பர் தவளையில் வரால் பிடிக்க

நாஞ்சில் நாட்டில் பல குளங்கள் மீன்பாசிக் குத்தகையில், அதாவது மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டு, இருக்கும். குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், அப்புறம் சண்டை வேண்டாம். சுசீந்திரம், தேரூர் பக்கம் தூண்டிலோடு போகவே வேண்டாம். 2022 முதல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ள பறவைக் குளங்கள் அவை.

விடிந்ததும் கரையில் இருக்க வேண்டும். கொஞ்சம் கடினமான கம்பு, முறுக்கு நூல், ஒரு ரப்பர் தவளை போதும். தவளையின் முள் இரண்டும் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் தாமரை இலையில் மாட்டாது. இலைமேல் எறிந்து, மெல்ல இழுத்து, இலை முடிகிற இடத்தில் அப்படியே நிறுத்துங்கள். வரால் பெரும்பாலும் அங்கேதான் அடிக்கும். தண்ணீர் 'பளக்' என்று வெடித்ததும் கை தானாக இழுக்கப் பார்க்கும், இழுக்க விடாதீர்கள். நூல் இறுகுகிற வரை பொறுத்து, பிறகு ஓங்கி இழுங்கள். என் மச்சானுக்கு மட்டும் இந்தப் பொறுமை இன்னும் வரவில்லை.

சிவந்த குஞ்சுக்கூட்டம் மேலே கொப்பளித்தால் அங்கே எறியாதீர்கள். தாய் தகப்பன் காவலுக்கு நிற்கும்.

பிள்ளைகள் வந்தால் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். எறிகிறவர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

வரால் காற்றையும் சுவாசிக்கும், ஈரச்சாக்கில் வீடு வரை உயிரோடிருக்கும். அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு போய்விடும். தேங்காய் அரைத்த குழம்புக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்துக்கொள்ளுங்கள்.